தேனப்பனின் பிறை எந்தப் பக்கம்?

எங்கள் வீட்டுக் கரடிப் பொம்மையின் பெயர் தேனப்பன். சொந்த ஊர் மலேசியாவின் பினாங்கில், தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை. நெஞ்சில் மஞ்சளாக ஒரு பிறை. அந்தப் பிறையின் இரண்டு முனைகளும் மேலே பார்க்கவேண்டும். இத்தனையையும் முடிவு செய்தது அப்போது நான்கு வயதாயிருந்த என் மகள். கடைசி விஷயத்தை நான் சரியாக எழுதி வைக்காததால் அறுபது பொம்மைகளைப் பிரித்துத் தைக்கவேண்டி வந்தது. பிள்ளைகளுக்குச் சொன்ன கதையைப் புத்தகமாகப் போடலாமா, பொம்மை செய்யலாமா என்று சில தாய்மார்கள் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நாங்கள் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். இப்போதும் அங்கேதான். வீட்டுக்காரருக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்டு வேலை. பகல் முழுக்கக் கீழே இறங்காத பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் எங்கே வரும்? பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய பழுப்புக் கரடி ஒன்று அவளிடம் இருந்தது. அதை வைத்துத்தான் கதை ஆரம்பித்தது. தேனப்பன் பிறையில் ஒரு பழைய ரப்பர் மரத்தடியில் குடியிருப்பான். ஃபெரி ஏறித் தீவுக்கு வருவான். கொடிமலை, அதாவது பினாங்கு ஹில் ஏறும் ரயிலில் இடம் பிடிப்பான். ஆப்பக்கடையில் நீள நாக்கை நீட்டித் திட்டு வாங்குவான். வீட்டுக்குள் அடைபட்டிருந்த எங்கள் மூன்று பேருக்கும் ராத்திரி ராத்திரி பினாங்கைச் சுற்றிக் காட்டியவன் அவன்தான்.

“பிறையில இருந்து வந்ததாலதான் நெஞ்சுல பிறையா ம்மா?” என்று ஒரு நாள் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் அவளே மாற்றிவிட்டாள். “இல்ல ம்மா. தேன் குடிக்கும்போது நெஞ்சுல வழிஞ்சிச்சு. கீழ கொட்டாம இருக்கத்தான் கிண்ணம் மாதிரி பிறை.”

அன்று ராத்திரியே அதை ஒரு பள்ளி நோட்டில் எழுதினேன். இந்த வேலையில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் கதை நினைவில் இருக்கும், பிள்ளை சொன்ன வார்த்தை போய்விடும். கதைச் சுருக்கம் நான்கு வரி, அவள் கேட்ட கேள்வி, அவள் திருத்திய திருத்தம், தேதி. அவ்வளவுதான் எழுதுவேன். ஒரு கதையை மறுபடி கேட்டால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போடுவேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று நோட்டு நிறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதைகள் பலவற்றுக்கு ஒரு கோடுகூட இல்லை. நான் தூக்கக் கலக்கத்தில் உளறிய, ஃபெரியைத் தவறவிட்ட கதைக்கு முப்பத்தொரு கோடு. எதைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவு செய்யும் நேரம் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை, கோடுகளை எண்ணினேன்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு தைப்பிங் விலங்குக் காட்சிசாலைக்குப் போனோம். நம் நாட்டுக் கரடியை அவள் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தாள். மலாய்க்காரர்கள் பெருவாங் மத்தஹாரி என்பார்கள், சூரியக் கரடி. தேன் கரடி என்றும் ஒரு பெயர் உண்டு. உலகத்துக் கரடி இனங்களிலேயே சிறியது. கட்டையான கறுப்பு மயிர். தேன் எடுக்கவும் பூச்சி பிடிக்கவும் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை நீளும் நாக்கு. நெஞ்சில் வெளிர் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த பிறை. அந்தப் பிறை ஒரு கரடிக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. பழுப்புக் கரடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ரொம்ப நேரம் கூண்டைப் பார்த்தாள். “நம்ம தேனப்பன் வெயில்ல சாயம் போயிட்டான்” என்றாள். அந்த நிமிடத்திலிருந்து தேனப்பன் கறுப்பு. நான் சொன்ன கதையில் உண்மையான ஒரு மிருகம் வந்து உட்கார்ந்துகொண்டது. வாழும் காடு குறைந்து, வேட்டைக்கும் ஆளாகி, சட்டம் முழுப் பாதுகாப்பு தந்திருக்கும் மிருகம் அது. அதை மனம்போனபடி மாற்றக்கூடாது என்ற பொறுப்பு அன்று வந்தது.

கரடிப் பொம்மையின் பிறப்பே ஒரு கதையிலிருந்துதான். 1902-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபர்ட் பெரிமன் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்து, புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம் ‘டெடியின் கரடி’ என்று ஒரு பொம்மையை விற்பனைக்கு வைத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் ஸ்டைஃப் நிறுவனமும் கைகால் அசையும் கரடியைச் செய்தது. போலிகளிலிருந்து பிரித்துக் காட்ட 1904-இல் காதில் உலோகப் பொத்தான் வைக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் பழைய கரடி வாங்குகிறவர்கள் முதலில் காதைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய துக்கத்துக்காக ஸ்டைஃப் செய்த கறுப்புக் கரடிகள் பின்னாளில் ஏலத்தில் பெரும் விலைக்குப் போயின. துணியும் பஞ்சும் எல்லாக் கரடிக்கும் ஒன்றுதான். அந்தக் கறுப்புக் கரடிக்கு ஒரு சம்பவம் இருந்தது, அதற்கு அடையாளமும் இருந்தது. இதைப் படித்தபோதுதான் தேனப்பனுக்கும் அடையாளம் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அது அவன் நெஞ்சிலேயே இருப்பதை உணர எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

முதல் பொம்மையைத் தைத்தவர் என் சின்னம்மா. பட்டர்வொர்த்தில் நாற்பது ஆண்டுகளாகச் சேலை ரவிக்கை தைக்கிறவர். கோலாலம்பூர் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் கடை கடையாக ஏறி, கட்டை மயிர் வைத்த கறுப்புத் துணியை வாங்கி வந்தேன். சின்னம்மா அதைக் கையில் வாங்கியதும் உள்ளங்கையால் ஒரு முறை மேலிருந்து கீழே தடவினார், பிறகு கீழிருந்து மேலே. “மயிரு எந்தப் பக்கம் படியுதுன்னு பாத்தியா பிள்ள? அதப் பாக்காம வெட்டுனா முதுகு ஒரு நிறம், வயிறு ஒரு நிறமாத் தெரியும்.” துணியின் பின்பக்கத்தில் சாக்குக்கட்டியால் ஒவ்வொரு துண்டுக்கும் அம்பு போட்டார். கத்தரியின் நுனியை மட்டும் நுழைத்து, அடித்துணியை மட்டும் வெட்டினார். மயிரைச் சேர்த்து வெட்டினால் தையல் ஓரம் மொட்டையாகத் தெரியுமாம். தைத்துத் திருப்பியதும் ஊசியால் தையலுக்குள் மாட்டிக்கொண்ட மயிரை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே விட்டார். தையல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பஞ்சு முதலில் மூக்குக்குப் போகவேண்டும், உணவுக்குச்சியால் இறுக்கி இறுக்கித் திணிக்கவேண்டும். மூக்கு தளர்ந்திருந்தால் கரடி எலி மாதிரி ஆகிவிடும். முதல் மூன்று எலிகள் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

நான்காவது கரடியை மகளிடம் கொடுத்தோம். அவள் முதலில் பார்த்தது பிறையை. தலையை ஆட்டினாள். அந்தக் கரடிதான் மாதிரி.

ஒரு கரடிக்குச் சின்னம்மாவுக்கு இரண்டு நாள் பிடித்தது. அவருக்கு ரவிக்கை வேலையும் இருக்கிறது, கண்ணும் முன்போல் இல்லை. ஆகவே வெளிநாட்டில் பொம்மை தைக்கும் ஒரு தொழிற்சாலையை நாடினோம். மாதிரி அனுப்பினோம், அவர்கள் திருப்பி அனுப்பிய மாதிரியும் நன்றாக இருந்தது. முன்பணம் கட்டினோம். சரக்கு தயார், மீதியைக் கட்டினால் கப்பல் ஏற்றுகிறோம் என்றார்கள். ஒரு படம் வந்தது, பெட்டிகளின் படம். கட்டிவிட்டேன். பெட்டியைத் திறந்தபோது அறுபது கரடியின் நெஞ்சிலும் பிறை கவிழ்ந்திருந்தது. அறுபதிலும் அச்சு வார்த்ததுபோல் ஒரே பிறை.

மகள் ஒன்றைக் கையில் எடுத்தாள். “இது தேனப்பன் இல்ல ம்மா. தேன் எல்லாம் கொட்டிரும்” என்றாள். அழவில்லை. கரடியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தொழிற்சாலை ஒத்துக்கொள்ளவில்லை. நான் அனுப்பிய விவரத்தாளில் பிறையின் அளவு இருந்தது, நிறம் இருந்தது, எது மேல்பக்கம் என்று இல்லை. மாதிரியில் சரியாகச் செய்தவர்கள் சரக்கில் ஏன் மாற்றினார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை பதிலில்லை. அவர்கள் செய்தது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் செய்யாமல் விட்டதும் உண்டு. ஒப்புக்கொண்ட மாதிரியை இரண்டாகச் செய்யச் சொல்லி, இருவரும் கையெழுத்திட்ட சீட்டை அதில் தைத்து, ஒன்றை அவர்களிடமும் ஒன்றை நம்மிடமும் வைக்கவேண்டும். விவரத்தாளில் முன், பின், இரு பக்கம் என நான்கு படங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் மேல்பக்கத்துக்கு அம்புக்குறி வேண்டும். சரக்கில் பத்து பொம்மைகளையாவது வெளியே எடுத்து, முகமும் நெஞ்சும் தெரியப் படம் அனுப்பும்வரை மீதிப் பணத்தைக் கட்டக்கூடாது. எங்கள் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து இதைக் கற்றேன். நீங்கள் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்.

கவிழ்ந்த பிறையோடு அப்படியே விற்றுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று சொன்னவர்கள் உண்டு. வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். சின்னம்மா ஒன்றும் சொல்லாமல் சின்னக் கத்தரியை எடுத்து ஒரு பிறையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். நல்லவேளையாகப் பிறை தனித் துணியாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. ஐந்து வாரம் பிரித்தோம். பதினொரு கரடிகளில் அடித்துணி கிழிந்துபோனது. மீதி நாற்பத்தொன்பதில் சின்னம்மா புதுப் பிறையைக் கையாலேயே வைத்துத் தைத்தார். கைத்தையல், ஆகையால் ஒன்று கொஞ்சம் அகலம், ஒன்றின் இடது முனை நீளம். அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் சொன்னாள்: “ஜூவுல பாத்த மாதிரியே எல்லாம் வேற வேற.”

தேனப்பன் சேகரிக்கத்தக்க பொம்மையானது அங்கேதான். ஒவ்வொரு கரடிக்கும் ஒரு எண் கொடுத்தோம். உள்ளங்கை அளவுச் சீட்டில் அந்தக் கரடியின் பிறையை மகள் பார்த்து வரைவாள், கீழே எண். அதே படம் எங்கள் பதிவேட்டிலும் இருக்கும், வாங்கியவர் விரும்பினால் பெயரோடு. சேகரிக்கிறவர்கள் பார்ப்பது இந்த நம்பிக்கையைத்தான். நூறு மட்டும் என்று சொல்லிவிட்டு நூற்று இருபது விற்றால் முதல் நூறு பேரையும் ஏமாற்றியதாகும். நாங்கள் நாற்பத்தொன்பது என்று அறிவித்தோம், முதல் வரிசை அதோடு முடிந்தது. அடுத்த வரிசைக்குக் காதின் உள்துணி வேறு நிறம், எண் வரிசையும் வேறு. ஐம்பது என்று முழுமையாக்கலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். மகளிடம் இருக்கும் மாதிரிக் கரடியைச் சேர்த்தால் ஐம்பதுதான். ஆனால் அது விற்பனைக்கு இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் வீட்டில் பொம்மை செய்கிற பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மலேசியாவில் பொம்மைகளுக்கு 2009-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் உண்டு. அவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பரிசோதனை அறிக்கை வேண்டும், இணக்கச் சான்று வேண்டும், பொம்மையில் இணக்கக் குறி வேண்டும். ‘இது சேகரிப்புப் பொருள், விளையாட அல்ல’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதுமே என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். கரடி முகத்தோடு ஒரு பொம்மை வீட்டுக்குள் போனால் அது பிள்ளையின் கைக்குத்தான் போகும், வாய்க்குத்தான் போகும். அதனால் பிளாஸ்டிக் கண்ணையே தவிர்த்தோம். கண்ணும் மூக்கும் நூல் தையல். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கழன்று விழும் சின்னப் பாகம் எதுவும் இருக்கக்கூடாது. பரிசோதனைக்கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளை வைத்திருப்பார்கள், அதற்குள் முழுமையாக அடங்கும் துண்டு எதுவானாலும் தொண்டையை அடைக்கும் என்று கணக்கு. அடிப்பகுதி கனமாக உட்காரவேண்டும் என்று முதலில் பிளாஸ்டிக் மணிகள் போட நினைத்தோம், பிறகு கைவிட்டோம். இன்னொன்று, பரிசோதனை செலவு பிடிக்கும் காரியம். துணியை மாற்றினால் மறுபடி அனுப்பவேண்டி வரும். எல்லாத் துணியையும் நூலையும் முடிவு செய்த பிறகே அனுப்புங்கள்.

புத்தகம் இதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். படக்கதைக்கு 32 பக்கம் வசதி, தாளைப் பதினாறு பதினாறாக மடிப்பார்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. வெளியிட்டதும் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்கவேண்டும். இதெல்லாம் சிரமமே இல்லை. சிரமம் தமிழ் எழுத்தில் வந்தது. பக்கம் அமைத்தவருக்குத் தமிழ் தெரியாது. அவர் அனுப்பிய பக்கங்களில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘தேன்’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ‘த’வுக்கும் ‘ன்’னுக்கும் நடுவில் தொங்கியது. இன்டிசைன் மென்பொருளில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். அதைச் சரிசெய்த பிறகும் அச்சுக்குப் போகும் கடைசிப் பி.டி.எஃப்.ஐத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்து எழுத்தாகப் பார்க்கவேண்டும். நாங்கள் பார்த்தது அதற்கு முந்தின பிரதியை. எட்டாம் பக்கத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டது. எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் அதை முதல் நாளே கண்டுபிடித்தார். முந்நூறு பிரதியிலும் பேனாவால் புள்ளி வைத்தோம்.

நடை பற்றியும் அவரிடம்தான் கேட்டேன். கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில், தேனப்பன் பேசுவது மட்டும் நம் வீட்டுப் பேச்சில் என்று வைத்தோம். பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் கண்ணுக்குப் பழகவேண்டும், கரடியும் அவர்களைப்போலப் பேசவேண்டும்.

படம் வரைந்த தம்பி பழைய ஃபெரியா புதிய ஃபெரியா என்று கேட்டார். கார்களும் ஆட்களும் ஒன்றாக ஏறிய பழைய ஃபெரி 2020-இன் முடிவோடு ஓய்ந்தது, இப்போது ஓடுபவை 2023-இல் வந்தவை. புதிதாக வரைந்தால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். மகள் விடவில்லை. தேனப்பன் ஒரு லாரிக்கு அடியில் ஒளிந்து வருகிறவன், லாரி ஏறாத ஃபெரியில் எப்படி வருவான்? பழைய ஃபெரியே வந்தது. வாங்கிய தாத்தா பாட்டிமார் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

அந்தத் தம்பியோடு முதல் நாளே எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டோம். மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கூலிக்கு வரையச் சொன்ன படத்தின் உரிமை சொன்னவருக்கே போய்விடும். இது பல ஓவியர்களுக்குத் தெரியாது. தெரியாததைச் சாதகமாக்கிக்கொள்ள மனம் வரவில்லை. புத்தகத்துக்கு ஒரு தொகை, அவர் வரைந்த உருவத்தை வைத்துப் பொம்மையோ அட்டையோ விற்றால் தனிப் பங்கு என்று எழுதினோம். ‘தேனப்பன்’ என்ற பெயரை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தோம். பொம்மைக்கு 28-ஆம் வகுப்பு, புத்தகத்துக்கு 16-ஆம் வகுப்பு, ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். தமிழ் எழுத்தில் பெயர் என்பதால் உச்சரிப்பையும் பொருளையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கையில் காசு குறைவென்றால் முதலில் பொம்மை வகுப்பை மட்டும் பதியுங்கள் என்பேன்.

விற்ற கதை சின்னது. பெரிய கடைகளில் வைத்த இடத்தில் தூசி படிந்தது. தீபாவளிக்கு முன் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் லெபோ பசார் பக்கம் ஒரு மேசை போட்டு, அரை மணிக்கு ஒரு தரம் நான் கதை சொன்னேன். கேட்ட பிள்ளைகள் நகரவில்லை. புத்தகம் இருபத்தைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட், கரடி நூற்றிருபது வெள்ளி. கரடி விலையைக் கேட்டு முகம் சுளித்தவர்களுக்குச் சின்னம்மாவின் ஐந்து வாரத்தைச் சொன்னேன், விலையைக் குறைக்கவில்லை. தையலுக்குக் கூலி போடாமல் விலை வைத்தால் அடுத்த கரடியைத் தைக்க யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு சீனக் கிழவர் கரடியை வாங்கிவிட்டுக் கதை என்ன என்று மலாயில் கேட்டார். அன்று ராத்திரியே கதையை மலாயில் ஒரு பக்கமாக எழுதி நகல் எடுத்தோம். இப்போது ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் அந்தத் தாள் இருக்கிறது.

போன மாதம் சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. இருபத்து மூன்றாம் எண் கரடி. பிறை இருந்த இடத்தில் நார் நாராக மஞ்சள் நூல் மட்டும் மிச்சம். உள்ளே அந்தப் பிள்ளையின் அம்மா எழுதிய கடிதம்: தூங்கப்போகும்முன் தினமும் அதையே தடவுகிறான், தேய்ந்துவிட்டது, பிறையில்லாமல் மூன்று நாளாகத் தூக்கமில்லை, புதுக் கரடி வேண்டாம் என்கிறான். சேகரிக்கிறவர் யாராவது பார்த்தால் மதிப்புப் போய்விட்டது என்பார். எனக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசவே முடியவில்லை.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பதிவேட்டைப் புரட்டி இருபத்து மூன்றைக் கண்டுபிடித்தாள். இப்போது பழகிய கை, ஆனால் அந்தப் படம் அவள் முதலில் வரைந்தவற்றில் ஒன்று, கோடு நடுங்கியிருந்தது. இடது முனை கொஞ்சம் குட்டை. சின்னம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஞ்சள் துணியை அந்த அளவுக்கே வெட்டி, கரடியின் நெஞ்சில் வைத்துப் பிடித்தார்.

“இப்பிடித்தானே பாப்பா?”

“இன்னும் கொஞ்சம் நிமித்துங்க பாட்டி. தேன் நிக்கணும்.”